வேட்பாளர் தெரிவுக்குக் கையொப்பமிட்டுவிட்டேன்: சிக்கல் வருமா?

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. வீட்டு உரிமையாளர் சென்ற வாரம் ஒரு கட்சியின் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். கட்டணத்தைத் தாமே செலுத்திவிடுவதாகவும், ஞாயிறு காலை பேருந்து வரும் என்றும், ஏறிச் சென்று கட்சியின் வேட்பாளர் தெரிவில் தம் உறவினரின் பெயருக்கு எதிரே முதல் எண்ணைக் குறித்துவிட்டு வந்தால் போதும் என்றும் சொன்னார். மறுக்க வாய் வராமல் கையொப்பமிட்டுவிட்டேன். இது, தேர்தலுக்கு முன் கட்சியின் வேட்பாளரை வாக்களித்துத் தெரிவுசெய்யும் அமெரிக்காவின் பிரைமரி போன்றதுதான் என்கிறார் உடன் பணிபுரிபவர். என் குடிவரவு விண்ணப்பத்திற்கு இதனால் பாதிப்பு வருமா? இரண்டு இரவுகளாக உறக்கமில்லை.

மார்க்கம்வாசி:
தம்பி, பிரைமரியாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் உட்கட்சித் தெரிவையும் தேர்தல் அதிகாரிகளே நடத்துகிறார்கள். வாக்காளர் பட்டியல் அரசிடம் இருக்கிறது, கட்டணம் என்ற பேச்சே இல்லை. 2018 ஜூனில் நியூயோர்க்கில், பாராளுமன்ற உறுப்பினராகப் பத்து முறை வென்றிருந்த ஜோ குரோலியை, அதுவரை பலரும் அறியாத அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் பிரைமரியில் தோற்கடித்தார். இங்கே அப்படி ஒருவர் தொகுதி உறுப்பினர்களின் வாக்கை வென்றாலும், கட்சித் தலைமையின் ஒப்புதல் இல்லாமல் வாக்குச்சீட்டில் அவர் பெயருடன் கட்சியின் பெயர் வராது. அமெரிக்க முறையைக் கனடா ஏற்பதே நல்லது.

ஒட்டாவா வாசகி:
கேட்ட கேள்வி ஒன்று, அண்ணா சொல்லும் பதில் வேறு. இருந்தாலும் இதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் 1998 ஜனவரியில் இரண்டு கைப்பிள்ளைகளுடன் வந்து இறங்கினேன். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகும் குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் இந்நாட்டில் அளித்த முதல் வாக்கு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த வேட்பாளர் தெரிவில்தான். கன்சர்வேட்டிவ் கட்சியில் இன்றும் பதினான்கு வயது நிரம்பிய நிரந்தர வதிவாளர் உறுப்பினராகலாம். லிபரல் கட்சி 2016இல் உறுப்பினர் கட்டணத்தையே நீக்கிவிட்டது. அரசு நடத்தும் பிரைமரி வந்தால் குடிமக்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். நம்மைப் போல் வந்தவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே வாசலும் அடைபடும். மேலும், 2025இல் மார்ச் 23 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 28 அன்று வாக்களிப்பே முடிந்துவிட்டது. எப்போது கலைப்பார்கள் என்று தெரியாத பாராளுமன்றத்தை வைத்துக்கொண்டு 343 தொகுதிகளிலும் பிரைமரியை எந்த மாதத்தில் நடத்துவது?

பழைய ஆள்:
1987இல் நான் வந்தபோது படிவம் நீட்டவும் ஆளில்லை, பேருந்து அனுப்பவும் ஆளில்லை. தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்து, பனியில் நடந்து வீடு திரும்புவேன். இப்போது வருகிறவர்களை வரவேற்கவே கட்சிகள் காத்து நிற்கின்றன. வாடகைக்கு இருப்பவனின் வாக்கையும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழாவில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள், தேர்தல் முடிந்த பின் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. எந்த முறையை வைத்தாலும் நடத்துகிறவர்கள் இவர்கள்தானே?

மார்க்கம்வாசி:
வாசல் என்று அம்மணி சொல்வது உண்மைதான், ஆனால் அதே வாசலில்தான் பேருந்தும் வந்து நிற்கிறது. 2019இல் டொரொன்டோவின் டொன் வலி நோர்த் தொகுதியில் லிபரல் கட்சியின் வேட்பாளர் தெரிவுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பேருந்தில் கொண்டுவரப்பட்டதைப் பற்றி, தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீட்டை ஆராய அமைக்கப்பட்ட ஹோக் ஆணையம் விசாரித்தது. வேட்பாளர் தெரிவுகள் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு நுழைவாயிலாகலாம் என்று 2024 மே மாத அறிக்கையில் எழுதியும் வைத்தது.

ஒட்டாவா வாசகி:
அதற்கு அடையாளச் சோதனையை இறுக்கினால் போதும். 2025இல் கட்சித் தலைவரைத் தெரிவுசெய்த தேர்தலில் தற்காலிக வதிவாளர்கள் வாக்களிக்க முடியாதபடி லிபரல் கட்சி விதியை மாற்றியது. அதற்காக அமெரிக்காவின் பிரைமரியைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

கணக்கர்:
ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, கேட்டவர் இன்னும் விழித்திருக்கிறார். தம்பி, முக்கியமான இரண்டை நீங்கள் சொல்லவில்லை: எந்தக் கட்சி, உங்களிடம் நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறதா? கையொப்பமிட்ட இடத்திற்கு மேலே சிறிய எழுத்தில் ஓர் உறுதிமொழி இருந்திருக்கும். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தே மற்றவை எல்லாம்.

புதுவரவு:
கட்சியின் பெயரை இங்கே எழுதத் தயக்கமாக இருக்கிறது. பணி அனுமதியில் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. “நான் கனடியக் குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளர், கட்டணம் என் சொந்தப் பணம்” என்று அதில் இருந்ததாக நினைவு. படிக்காமல் கையொப்பமிட்டேன்.

கணக்கர்:
அப்படியானால் அந்த இரண்டு வரிகளுமே உங்களைப் பொறுத்தவரை உண்மையல்ல. ஞாயிறன்று பேருந்தில் ஏற வேண்டாம். இன்றே கட்சியின் தேசிய அலுவலகத்திற்கு, தொகுதிக் கிளைக்கு அல்ல, மின்னஞ்சல் எழுதுங்கள்: தகுதி இல்லாமல் படிவத்தில் கையொப்பமிட்டதையும், கட்டணத்தை வேறொருவர் செலுத்தியதையும் சொல்லி, பெயரை நீக்கக் கேளுங்கள். பதில் வந்ததும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு விண்ணப்பத்தைப் பற்றி எங்களில் எவர் சொல்வதையும் நம்பாமல், உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டிக் கேளுங்கள். கட்சிக்கு நன்கொடை என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் மட்டுமே கொடுக்கலாம் என்பது தேர்தல் சட்டம். வீட்டுக்காரரிடம் “எனக்குத் தகுதி இல்லையாம் ஐயா” என்ற ஒரு வரி போதும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒப்பந்தம் எழுத்தில் இல்லை.