எலக்ட்ரிக் ப்ரெஷர் குக்கரில் உதிரி சாதம்: பெங்களூரு வீடுகளின் அனுபவம்

பெல்லந்தூர் பொன்னி:

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் குக்கரில் வந்து நிற்கும். எலக்ட்ரிக் ப்ரெஷர் குக்கர் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே புகார். பருப்பு நன்றாக வேகிறது, சுண்டல் வேகிறது, சாதம் மட்டும் குழைந்து போகிறது. என் வீட்டில் இப்போது சாதம் உதிரியாக வருகிறது. அதை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

என் மாமியார் தஞ்சாவூரிலிருந்து வந்தால் முதல் கேள்வியே, "இது எப்பம்மா விசில் அடிக்கும்?" என்பதுதான். "இது அடிக்காது அத்தை" என்றால் நம்ப மாட்டார், சமையலறை வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில், அவ்வளவுதான் கணக்கு. கேஸ் அடுப்பில் அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. குக்கரில் அரிசியை நேராகப் போட்டு வைக்கிற வீடுகளில் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. அப்படிப் போகிற தண்ணீரையும் சேர்த்துத்தான் பெரியவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரிக் குக்கரில் ப்ரெஷர் ஏறும்வரை லேசாக ஆவி கசியும். மூடியில் இருக்கும் சின்ன உலோக முளை மேலே எழும்பி அடைத்துக்கொண்டது என்றால் அப்புறம் வெளியே போக வழியே இல்லை. ஊற்றிய தண்ணீர் முழுக்க அரிசிக்குள் போயாக வேண்டும். இரண்டரை டம்ளர் ஊற்றினால் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரிதான் வரும்.

இங்கே கிடைக்கிற சோனா மசூரி பச்சரிசிக்கு நான் வைப்பது ஒன்றுக்கு ஒன்றரை. தண்ணீர் தெளியும்வரை களைந்து, நன்றாக வடித்துவிட்டுப் போடுவேன். ஹை ப்ரெஷரில் 5 நிமிடம், முடிந்ததும் கை வைக்காமல் 10 நிமிடம், அதன் பிறகுதான் மிச்ச ஆவியை விடுவது. 'ரைஸ்' என்று எழுதியிருக்கும் பொத்தானை நான் தொடுவதில்லை. என்னிடம் இருப்பதில் அது குறைந்த அழுத்தத்தில் 12 நிமிடம் ஓடும். அமெரிக்கக்காரர்களின் நீள அரிசிக்கு அது சரியாக இருக்கலாம், நம் அரிசிக்கு நாமே நிமிடம் வைப்பதுதான் நல்லது.

அல்சூர் பெரியவர்:

அம்மா, நீங்கள் சொன்ன தண்ணீர்க் கணக்கு சரி. ஆனால் எந்த அரிசி என்பதைப் பேசாமல் தண்ணீரைப் பேச முடியாது.

எனக்கு அல்சூரில் பிறந்து வளர்ந்த வாழ்க்கை. வள்ளுவர் சிலை தாண்டி மார்க்கெட் பக்கம் போனால் எங்கள் ஆட்களின் அரிசிக் கடைகள் இருக்கின்றன. பொன்னி புழுங்கல் வேண்டுமென்றால் அங்கேதான் போவேன். மற்ற பகுதிகளில் சோனா மசூரி என்று கேட்டால் கடைக்காரர் "ராவா, ஸ்டீமா?" என்று திருப்பிக் கேட்பார். ரா என்பது பச்சரிசி. ஸ்டீம் என்பது நெல்லுக்கு ஆவி காட்டி அரைத்தது. நம் ஊர்ப் புழுங்கல் அளவுக்கு வெந்தது இல்லை, பச்சரிசிக்கும் அதற்கும் நடுவில். மூட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அடுப்பில்தான் தெரியும். ஸ்டீம் அரிசிக்குக் கால் டம்ளராவது கூடுதல் தண்ணீர் வேண்டும். பலகையில் பிபிடி என்று எழுதியிருந்தால் அது சாம்பா மசூரி, ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986இல் வெளியான ரகம். மணி மெல்லிசு, சட்டென்று வெந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பழைய அரிசியா புதிய அரிசியா என்பது. அறுவடையாகி ஒரு வருடம் கிடந்த அரிசி தண்ணீரை நிறைய இழுக்கும், நீளும், ஒட்டாது. புது அரிசி எத்தனை கவனமாக வைத்தாலும் பிசுபிசுக்கும். நான் வாங்கும் கடைக்காரர் மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். இரண்டு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்து "டக்"கென்று சத்தம் வந்தால் பழையது, மெத்தென்று உடைந்தால் புதுசு என்பார். கையில் ஒட்டும் மாவையும் காட்டுவார். பெரிய கடைகளின் பிளாஸ்டிக் பையைக் கடித்துப் பார்க்க முடியுமா? அதனால் புது மூட்டை பிரித்தால் முதலில் ஒரே ஒரு டம்ளர் வைத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரிக் குக்கர் என் பேத்தி வாங்கி வைத்தது. புழுங்கலரிசிக்கு இரண்டே முக்கால் தண்ணீர், 12 நிமிடம். வடித்த சாதத்தின் ருசி வராது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒயிட்ஃபீல்ட் மெக்கானிக்கல்:

ஐயா சொன்ன அரிசி விஷயத்துக்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நிமிடக் கணக்குக்கு மட்டும் ஒரு சின்னப் பின்னிணைப்பு.

அடுப்புக் குக்கரின் வெயிட், வெளிக்காற்றை விட 15 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தத்தில் தூக்கும். சென்னையில் அப்போது உள்ளே 121 டிகிரி இருக்கும். எலக்ட்ரிக் குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 பி.எஸ்.ஐ.யோடு நின்றுவிடும், 116, 117 டிகிரி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டுவது வெளிக்காற்றின் மேல்தான், அதனால் மூடிய குக்கருக்குள்ளும் ஒன்றரை, இரண்டு டிகிரி குறையும். சென்னையில் என் சொந்த அக்கா 5 நிமிடம் வைத்தால் நான் இங்கே 6 வைக்கிறேன், அதே அரிசி, அதே பிராண்ட். அதற்கு மேல் பயப்பட எதுவும் இல்லை.

முடிந்ததும் பொறுக்க வேண்டும் என்று பெல்லந்தூர் அக்கா சொன்னதுதான் பலர் விட்டுவிடும் இடம். உள்ளே தண்ணீர் 115 டிகிரியில் அமைதியாக இருப்பதே அழுத்தத்தால்தான். வால்வை உடனே திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொந்தளிக்கும். அரிசி மணிக்குள் இருக்கும் ஈரமும் அப்படியே. வெளியே கஞ்சி நுரை பீய்ச்சி அடிக்கும், உள்ளே மணி வெடித்து ஓரம் கிழியும். அந்தக் கிழிந்த ஓரம்தான் ஒட்டுவதற்குக் காரணம். பத்து நிமிடம் விட்டால் மேலே நிற்கும் ஈரமும் உள்ளே இழுக்கப்பட்டுவிடும்.

இன்னொன்று. 'கீப் வார்ம்' தானாக ஓட ஆரம்பித்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் சூட்டிலேயே இருந்தால் அடியில் இருப்பது காய்ந்து தோல் கட்டும், மேலே இருப்பது தளர்ந்து போகும்.

பிடிஎம் பேச்சிலர்:

எல்லோரும் குடும்பமாகச் சமைக்கிறீர்கள். என் கதை வேறு அண்ணா. பிடிஎம் லேஅவுட்டில் ஒற்றை அறை, ஓனர் கேஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே மூன்று லிட்டர் எலக்ட்ரிக் குக்கர்தான் எனக்கு அடுப்பு, அண்டா, எல்லாம்.

ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி வைத்தால் இது சரியாக வேலை செய்யாது. தண்ணீர் அத்தனை குறைவாக இருந்தால் ப்ரெஷர் ஏறுவதற்குள் அடியில் வற்றி, திரையில் எரிகிறது என்று எச்சரிக்கை வந்து நின்றுவிடும். ஹுப்ளிக்காரன் என் ரூம்மேட் ஒரு வழி சொன்னான், அவன் வீட்டில் பெரிய குக்கரில் இப்படித்தானாம். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் கம்பி ஸ்டாண்ட், அதன் மேல் எவர்சில்வர் டப்பாவில் அரிசியும் அதற்கு ஒன்றே முக்கால் தண்ணீரும். டப்பாவின் மேல் ஒரு தட்டு மூடியாக. ஆவி சொட்டி விழுந்து சாதம் நசநசக்காமல் இருக்க அந்தத் தட்டு அவசியம். உள்பாத்திரத்துக்குச் சூடு மெதுவாகத்தான் போகும், அதனால் 8 நிமிடம். எடுத்தால் சாதம் டப்பா வடிவத்திலேயே நிற்கும், கரண்டிக் காம்பால் ஓரத்தைத் தட்டினால் பொலபொலவென்று விழும். பாத்திரம் கழுவுவதும் மிச்சம்.

கரண்ட் போவதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. மழை என்றால் எங்கள் தெருவில் போய்விடும். ப்ரெஷர் ஏறிய பிறகு போனால் நான் கவலைப்படுவதே இல்லை, மூடி திறக்காது, உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். பதினைந்து நிமிடம் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சாதம் தயார். ப்ரெஷர் ஏறுவதற்கு முன்னால் போனால்தான் வம்பு, அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக் கிடக்கும். கரண்ட் வந்ததும் நிமிடத்தை ஒன்றிரண்டு குறைத்து வைப்பேன். இன்வெர்டரில் போடலாம் என்று நினைக்காதீர்கள், இது ஆயிரம் வாட் வரை இழுக்கும். கீழ் வீட்டில் போட்டுப் பார்த்து ஃபேனும் சேர்ந்து நின்றுவிட்டது.

மல்லேஸ்வரம் மாமி:

தம்பி டப்பாவோட நிற்கும் சாதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல யோசனைதான்.

எல்லோரும் உதிரி உதிரி என்கிறீர்கள். எதற்கு உதிரி? புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதத்துக்கு வேண்டும். தயிர்சாதத்துக்கு உதிரியாக இருந்தால் ஆறிய பின் விறைத்துப் போகும், தொண்டையில் இறங்காது. ரசம் சாதமும் அப்படித்தான். நான் காலையில் ஒரு முறைதான் வைப்பேன், உதிரியாகவே. கலந்த சாதத்துக்கு வேண்டியதைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, விரலால் பரத்தி மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுவேன். தயிர்சாதத்துக்கு உள்ளதை மட்டும் குக்கரிலேயே விட்டு, சூடாகப் பால் கொஞ்சம் ஊற்றி மசித்துவிடுவேன். ஒரே குக்கரில் இரண்டும் ஆயிற்று.

கேஸ்கெட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, ஆச்சரியம். இந்தக் குக்கர்களின் சிலிக்கான் வளையம் வாசனையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காய சாம்பார் வைத்த மறுநாள் அதே வளையத்தில் நைவேத்தியத்துக்கு வெறும் சாதம் வைத்தால் வெங்காய வாசனையோடு வரும், பெருமாளுக்கு எப்படிக் காட்டுவது? தேய்த்தாலும் போகாது, வெயிலில் வைத்தாலும் முழுக்கப் போகாது. சாதத்துக்கும் பாயசத்துக்கும் தனி வளையம் வாங்கி வைத்துவிட்டேன், நிறம் வேறாக இருப்பதாகப் பார்த்து.

மாரத்தஹள்ளி அப்பா:

2024 கோடையில் எங்கள் போர்வெல் வற்றி முழுக்க டேங்கர் தண்ணீர்தான். அப்போது சாதம் லேசாக மஞ்சளாக வரும், அரிசிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அரிசி இல்லை காரணம், தண்ணீர். காரத்தன்மை உள்ள தண்ணீரில் அரிசியின் நிறமி மஞ்சள் காட்டும். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் வெள்ளையாகிவிடும், புளிப்பு தெரியாது. உப்பும் எண்ணெயும் ருசிக்குத்தான், ஒட்டாமல் இருக்க அவை பெரிதாக உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை. நன்றாகக் களைவது அதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள். ஆறு லிட்டர் குக்கரில் ஒரேயடியாக வைத்தால் நிமிடத்தைக் கூட்ட வேண்டுமா?

பெல்லந்தூர் பொன்னி:

கூட்டாதீர்கள் அண்ணா. அரிசி கூடினால் ப்ரெஷர் ஏறத்தான் அதிக நேரம் எடுக்கும், ஏறிய பிறகு வேகும் நிமிடம் அதேதான். ஏறுகிற நேரத்திலேயே பாதி வேகத் தொடங்கிவிடுவதால் சில சமயம் ஒரு நிமிடம் குறைக்கக்கூட வேண்டியிருக்கும். தண்ணீரையும் டம்ளருக்கு டம்ளர் அப்படியே பெருக்காதீர்கள், நாலு டம்ளருக்கு மேல் போனால் நான் மொத்தத்தில் கால் டம்ளர் குறைப்பேன். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அரிசி நுரைத்து வால்வை அடைக்கும். பத்துப் பேரும் நம் ஊர்ச் சாப்பாட்டுக்காரர்கள் என்றால் ஒரே தடவையில் போதாது. முதல் தடவை வைத்ததை ஹாட்பாக்ஸில் மாற்றிவிட்டு, அவர்கள் இலையில் உட்காரும் நேரத்துக்கு இரண்டாவதை வையுங்கள். ஹாட்பாக்ஸின் மூடிக்குக் கீழே ஒரு பருத்தித் துணி விரித்தால் ஆவி சொட்டாது.

மல்லேஸ்வரம் மாமி:

துணி கட்டாயம். அப்பளம் பொரித்து வைக்க மறக்காதீர்கள்.