டிஜிட்டல் போட்டோ ஃபிரேமைக் கொன்றது செல்போனா?

திண்ணைக்காரன்:
பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது பரணில் 7 அங்குல டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் ஒன்று கிடைத்தது. மெமரி கார்டைச் செருகினால் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டுமே, அந்தத் திரைதான். 2009-ல் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. வந்த புதிதில் ஷோகேஸில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினோம். இரண்டே வருடத்தில் பரணுக்குப் போய்விட்டது. என் கட்சி இதுதான்: அது நல்ல பொருள். 2010-ல் ஐபேட் வந்தது, அப்புறம் ஆளுக்கொரு டச் போன், வாட்ஸ்அப். ஃபிரேம் அநியாயமாகச் செத்தது.

எட்டாம் நம்பர் வீடு:
போன் மேல் பழி போடாதீர்கள் சார். எங்கள் வீட்டில் டச் போன் நுழையும் முன்பே அது மூலைக்குப் போய்விட்டது. திரை 480-க்கு 234 புள்ளிகள். அன்றைய மலிவு ஃபிரேம்கள் பலவும் அதேதான். அம்மாவின் பட்டுப்புடவைக் கரை பூரான் மாதிரி நெளியும். திரை அகலமானது, கேமரா படமோ 4:3. இழுத்துக் காட்டினால் குடும்பமே குண்டு, இழுக்காவிட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நெட்டுவாக்கில் எடுத்த மாப்பிள்ளை படுத்தே கிடப்பார்.

கரண்ட் கட் காலம் வேறு. கரண்ட் போய் வந்தால் மெனுவில் நின்றுகொள்ளும். தீப்பெட்டி கனத்தில் ஒரு ரிமோட். சோபா இடுக்கில் விழுந்தால் கதை முடிந்தது. பாட்டி ஒருநாள் எதிரில் உட்கார்ந்து, "கண்ணாடியை எடுத்துப் போடுறதுக்குள்ள பேரன் போயிட்டான்டா" என்றார். ஒரு படத்துக்கு 3 நொடி. அதை 15 ஆக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

ஃபிலிம் ரோல்:
இந்தத் தொல்லையை முதலிலேயே யோசித்தவர்கள் உண்டு. டிஸ்னியில் வேலை பார்த்த சிலர் 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய சீவா நிறுவனத்தின் ஃபிரேமை டெலிபோன் லைனில் செருகிவிட்டால் போதும். ராத்திரி தானே டயல் செய்து, பிள்ளைகள் இணையத்தில் ஏற்றிய படங்களை இறக்கிக்கொள்ளும். பாட்டி எதையும் தொட வேண்டாம், சந்தா மட்டும் கட்ட வேண்டும். பின்னால் வந்த மலிவு ஃபிரேம்கள் சந்தாவோடு அந்த நல்ல யோசனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, மெமரி கார்டு ஓட்டையை மட்டும் வைத்தன.

வைரஸ் கூத்தும் நடந்தது. 2007 கிறிஸ்துமஸ் சமயத்தில் பெஸ்ட் பை என்ற அமெரிக்கக் கடை விற்ற இன்சிக்னியா பிராண்ட் ஃபிரேம்கள் சிலவற்றில், கம்ப்யூட்டரில் செருகினால் ஒட்டிக்கொள்ளும் வைரஸ் இருந்தது. கோடக்கோ 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அடுத்த மாதமே கேமரா, ஃபிரேம் இரண்டையும் நிறுத்தப்போவதாக ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டது.

திண்ணைக்காரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! கேமராவை விழுங்கியது யார்? போன். கேமரா இருந்தவரை கார்டைப் பிடுங்கி ஃபிரேமில் செருகினோம். போனில் எடுத்த படம் போனுக்குள்ளேயே கிடந்தது. என் பழைய போனில் மைக்ரோ எஸ்டி கார்டை எடுக்க பேட்டரியையே கழற்ற வேண்டும். எவன் கழற்றுவான்?

எட்டாம் நம்பர் வீடு:
சரி, கார்டு விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018-ல் கூகுள் ஹோம் ஹப் என்று மேஜையில் வைக்கிற திரை ஒன்று வந்ததே, அதுவும் 7 அங்குலம்தான். கூகுள் போட்டோஸிலிருந்து தானே படம் எடுத்துக்கொள்ளும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மாற்றிக்கொள்ளும். எல்லார் கையிலும் போன் இருக்கும்போதுதான் அதை வாங்கினார்கள். அப்படியானால் போன் எப்படிக் கொலையாளி?

கடல் தாண்டியவள்:
நடுவில் நுழைகிறேன். தஞ்சாவூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன வருடம் வைஃபை ஃபிரேம் வாங்கி வைத்தேன். நான் இங்கிருந்து அனுப்பினால் அங்கே வந்துவிடும். போனில் அனுப்பியவை குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவில் காணாமல் போகும். இது சாப்பாட்டு மேஜையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு தகராறு. தாத்தா படத்தையும் சேர்த்து அனுப்பினேன். குழந்தை கேக் வெட்டுகிற படத்துக்கு அடுத்தது தாத்தா. அம்மா போனில் பிடித்துக்கொண்டார்: "அவருக்குப் பொட்டு வச்சு மாலை போடணும்டி, இப்படி வந்து வந்து போகக் கூடாது." எடுத்துவிட்டேன். தாத்தா சுவரில்தான் இருக்கிறார்.

திண்ணைக்காரன்:
எங்கள் வீட்டிலும் அப்பா சுவரில்தான், சீரியல் பல்போடு. அது இருக்கட்டும், பரணில் கிடைத்ததற்கு அடாப்டரைக் காணோம். 5 வோல்ட்டா, 9 வோல்ட்டா?

ஃபிலிம் ரோல்:
பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், அளவு தெரியாமல் எதையும் செருகாதீர்கள். கார்டு 2 ஜிபி போதும், பழைய ஃபிரேம்கள் பலவும் அதற்கு மேல் படிக்காது. ஐபோன் ஹெய்க் (HEIC) வடிவத்தில் சேமிக்கும் படங்களும் திறக்காது, ஜேபெக் (JPEG) ஆக்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் நம்பர் வீடு:
பார்த்தீர்களா! இவ்வளவையும் யார் செய்யப்போகிறார்கள்?

திண்ணைக்காரன்:
பையனுக்குப் பரீட்சை முடியட்டும் சார்.