மூட்டுவாத எலிகளும் மூலிகைச் சாறும்: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி, உயிர்வேதியியல்:
என் ஆய்வு முடக்கத்தான் இலையில். நிழலில் உலர்த்தி, எத்தனாலில் சாறு இறக்கி, எத்தனாலை நீக்கினால் கரும்பச்சைப் பிசின் மிஞ்சும். அதைத்தான் விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தோம்.

எலிக்கு இந்த வாதத்தை நாம்தான் வரவழைக்கிறோம். கொல்லப்பட்ட மைக்கோபாக்டீரியத்தை (காசநோய்க் கிருமியின் இனம்) எண்ணெயில் குழைத்த ஃப்ராய்ண்ட் மருந்து 0.1 மில்லி, பின்னங்கால் பாதத்தில். அந்தக் கால் உடனே வீங்கிவிடும். ஊசி போடாத மறு கால் வீங்கப் பத்து நாளாவது ஆகும். அது எலியின் நோயெதிர்ப்பு அமைப்பே செய்கிற வேலை என்பதால் நான் அதையே கவனமாகப் பார்ப்பேன். அந்தக் கட்டத்தில் எலியால் எழும்பி நின்று தீனி எடுக்க முடியாது. தீனியைத் தரையிலேயே வைத்து, தண்ணீர்க் குழாயைத் தாழ்த்த வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

நோய் எலிகளில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் மாலோண்டயால்டிஹைடு ஏறியது, அந்தச் சேதத்தைத் தடுக்கும் குளுட்டாதயோன் இறங்கியது. சாறு கொடுத்தவற்றில் இரண்டும் இயல்பு நிலைக்குத் திரும்பத் தொடங்கின. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த டைக்ளோஃபினாக் (வலி, வீக்க மருந்து) குழுவிலும் மாலோண்டயால்டிஹைடு இறங்கியிருந்தது! வீக்கம் எதனால் குறைந்தாலும் வெள்ளணுக்கள் கக்கும், சேதம் செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் குறையும். அதனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துத்தான் முடக்கத்தான் மூட்டைக் காக்கிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, முதல் நாளிலிருந்தே சாறு கொடுத்தால் அது வருமுன் காப்பது. நோய் நிலைத்தபின், 14ஆம் நாள் வாக்கில் தொடங்கினால்தான் நம் பாட்டிகளின் முழங்காலுக்குக் கொஞ்சமாவது பொருந்தும்.

சித்த மருத்துவர்:
சகோதரி, சேராங்கொட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ உயிர்வேதியியல் துறையினர், பாலிலும் நெய்யிலும் காய்ச்சிய சேராங்கொட்டையை இதே மாதிரி எலிகளில் 1990களிலேயே சோதித்தார்கள். கிலோ எடைக்கு 150 மில்லிகிராம். படிக்கிற காலத்தில் மருந்து செய்யும்போது, கொட்டையை வெட்டியவர் கை கொப்பளித்ததை நேரில் பார்த்தேன். முந்திரிக் குடும்பம் அல்லவா, அந்தக் கொட்டையின் கறுப்புப் பால் தோலைப் புண்ணாக்கிவிடும். சுத்தி செய்த மருந்தின் முடிவைப் படித்துவிட்டு யாரும் கடையில் கொட்டை வாங்கி அரைக்காதீர்கள், தயவுசெய்து.

கால்நடை மருத்துவர்:
என்னிடம் வருபவை இடுப்பு மூட்டு தேய்ந்த வயதான லாப்ரடார்கள். அது தேய்மான வாதம், எலியின் நோய் வேறு. 2003இல் பிரிட்டனில் இப்படிப்பட்ட நாய்களுக்கு மஞ்சள் இனச் சாறு கொடுத்தார்கள். எது மருந்து, எது போலி என்று நாயின் சொந்தக்காரருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கால் ஊன்றும் விசையைக் கருவியில் அளந்தால் வித்தியாசம் தேறவில்லை. மருத்துவர்களின் மதிப்பீட்டில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. மஞ்சள் கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன். அப்புறம் நாயின் எடையைக் குறைக்கச் சொல்வேன். வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு.

சகோதரி, குருத்தெலும்பைப் பார்த்தீர்களா?

ஆய்வு மாணவி:
இன்னும் இல்லை டாக்டர். கணுக்கால் மூட்டுகள் ஃபார்மலினில் இருக்கின்றன. கால்சியம் நீக்கிய பிறகுதான் வெட்ட முடியும். பார்த்ததும் இங்கேயே எழுதுகிறேன்.