பன்னி கேர்ள் சென்பாய்: எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது?

அல்சூர் மாடிவீடு:
இங்க பெங்களூர்ல ஒரு வீட்டு ஹால்ல ஆறேழு பேர் சேர்ந்து ‘பன்னி கேர்ள் சென்பாய்’ங்கிற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைப் பார்க்கத் திட்டம். எல்லாருக்கும் ஒத்துவர்றது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஒயிட்ஃபீல்டுலேர்ந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலேர்ந்தும் வர்றவங்க இருக்காங்க. மதியம் மூணுக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிச்சாகணும்.

ஆப்ல தேடினா ஒரே மாதிரி நீளமான பேர்ல நாலஞ்சு தலைப்பு வருது, எதுலயும் சீசன் நம்பர் இல்ல. எது முதல், எது அடுத்து? எதை விட்டுட்டாலும் பரவாயில்ல? ரெண்டு பேருக்கு அனிமேவே புதுசு. ஒரு அக்காவும் பத்தாவது படிக்கிற அவங்க பொண்ணும் வர்றாங்க. போஸ்டர்ல முயல் காது டிரஸ்ஸைப் பார்த்துட்டு அக்கா யோசிக்கிறாங்க. ஸ்பாய்லர் வேணாம், ப்ளீஸ்.

ஃபுஜிசாவா பாசஞ்சர்:
குழப்பம் உங்க மேல இல்லைங்க, தலைப்பு வைக்கிற முறையிலதான். மூலம் ஒரு நாவல் வரிசை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ‘அந்தப் பையன் இன்னாரைக் கனவு காண்பதில்லை’ங்கிற அச்சுலயே பேர், நடுவுல ஒரு சொல் மட்டும் மாறும். அனிமேயும் அதையே எடுத்துக்கிச்சு, நம்பர் போடல. 2018 தொடர் முதல் புத்தகத்தோட பேர்ல வந்தாலும் உள்ள இருக்கிறது முதல் அஞ்சு புத்தகத்தோட கதை.

வெளிவந்த வரிசையே கதை வரிசை. 2018 அக்டோபர்–டிசம்பர்ல வந்த 13 எபிசோடு முதல்ல. அப்புறம் 2019 ஜூன்ல வந்த படம், தலைப்புல கனவு காணும் பெண் இருப்பா, 90 நிமிஷம். அடுத்து 2023ல வந்த ரெண்டு படம்: ஜூன்ல வந்தது தங்கச்சி வெளிய கிளம்புற கதை (73 நிமிஷம்), டிசம்பர்ல வந்தது ஸ்கூல் பை மாட்டின சின்னப் பொண்ணு (75 நிமிஷம்). கடைசியா 2025ல வந்த சான்டா கிளாஸ் தொடர், 13 எபிசோடு.

பலர் சறுக்குறது ஒரே இடத்துல. தொடர் ஒரு தலைப்பாவும் படங்கள் வேற தலைப்பாவும் ஆப்ல கிடக்கும். 13 முடிஞ்சதும் ‘அடுத்த எபிசோடு’ன்னு எதுவும் வராததால கதை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க, இல்லைன்னா நேரா 2025க்குத் தாவிடறாங்க. கதாநாயகன் சகுட்டா நெஞ்சுல இருக்கிற மூணு கீறல் தழும்பு, ஷோகோங்கிற பேர்ல ஒரு சின்னப் பொண்ணும் அதே பேர்ல பெரியவளும் வர்றது, இந்த ரெண்டுக்கும் 13 எபிசோடுக்குள்ள பதிலே கிடையாது. 2019 படத்துலதான் இருக்கு. என்னைக் கேட்டா அந்தப் படம்தான் தொடரோட கடைசி எபிசோடு, விருப்பப்பட்டா பார்க்கிற எக்ஸ்ட்ரா இல்ல.

ஒரு எபிசோடு 24 நிமிஷம். 13ம் சேர்த்தா 5 மணி 12 நிமிஷம், படத்தோட 6 மணி 42. ஒரே நாள்ல அடக்காதீங்க. முதல் ஞாயிறு 1–8 (3 மணி 12), ரெண்டாவது ஞாயிறு 9–13 ப்ளஸ் படம் (3 மணி 30). டீ, வடைக்கு முக்கால் மணி போனாலும் எட்டுக்குள்ள முடிஞ்சிடும். எலக்ட்ரானிக் சிட்டிக்காரங்க அல்சூர்லேர்ந்து மெஜஸ்டிக், ஆர்.வி. ரோடு ரெண்டு இடத்துல மெட்ரோ மாறணும், அதையும் கணக்குல வைங்க.

கோரமங்களா கோட்டான்:
வரிசைல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா 13 முடிஞ்ச கையோட படத்தைப் போடாதீங்க. நடுவுல சாப்பாட்டை வைங்க. கடைசி மூணு எபிசோடு ஒரு மாதிரி கனம், படம் வேற மாதிரி கனம். அடுத்தடுத்து போட்டா படத்தோட முதல் அரை மணி நேரத்தை யாரும் கவனிக்க மாட்டாங்க. அங்கதான் முக்கியமான தேதியெல்லாம் வருது.

எங்க நிறுத்தலாம்னா, தொடர்ல ஒவ்வொரு பகுதியும் ஒரு பொண்ணோட கதை: எபிசோடு 1–3 மை (முயல் டிரஸ் பொண்ணு), 4–6 கோகா, 7–8 ஃபுதாபா, 9–10 நோடோகா, 11–13 கயேடே (சகுட்டாவோட தங்கச்சி). இந்த முடிச்சுகள்ல மட்டும் நிறுத்துங்க. 12க்கும் 13க்கும் நடுவுல போன்கூட எடுக்க விடாதீங்க.

அனிமே புதுசா பார்க்கிறவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க: இது பேய்க்கதை இல்ல. வயசுப் பசங்களோட மனக்கஷ்டம் அப்படியே உடம்புலயும் சுத்தி இருக்கிற உலகத்துலயும் வெளிப்படும், கதைக்குள்ள அதுக்குப் பேர் ‘பருவ வயசு சிண்ட்ரோம்’. மை யார் கண்ணுக்கும் படாமப் போறாங்க, கோகாவுக்கு ஜூன் 27 திரும்பத் திரும்ப வருது, ஃபுதாபா ரெண்டு பேராப் பிரியறா. ஒவ்வொண்ணுக்கும் ஃபுதாபா லேப்ல காபி போட்டுக்கிட்டே ஷ்ரோடிங்கர் பூனை, லாப்லாஸ் பூதம்னு பௌதிகம் பேசுவா. அதை நிறுத்தி நிறுத்திப் புரிஞ்சுக்க வேணாம், அது உவமை மட்டும்தான். யாருக்கு எதுக்குப் பயம்ங்கிறதைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

சப்டைட்டில்ல நழுவிப் போற ஒரு இடம்: மூணாவது எபிசோடு பரீட்சை ஹால். சகுட்டா வினாத்தாள்ல ஒரு கேள்விகிட்ட வந்து அப்படியே நின்னுடுவான். ஒரே உச்சரிப்பு, எழுதுறது மட்டும் வேற வேறன்னு இருக்கிற ஜப்பானிய வார்த்தைகள் அது. அந்த வித்தியாசத்தை மை அவனுக்கு முன்னாடியே சொல்லிக்கொடுத்திருப்பாங்க. அந்தப் படிப்புக் காட்சியை அரட்டையில விட்டுட்டீங்கன்னா, அவன் ஏன் பரீட்சையைப் பாதியில விட்டுட்டு மைதானத்துக்கு ஓடறான்னு பிடிபடாது. ஓட்டம் மட்டும்தான் கண்ணுல படும்.

இன்னொண்ணு, ‘இவன் ஏன் பப்ளிக் போனைத் தேடி ஓடறான்?’னு கட்டாயம் யாராவது கேப்பாங்க. சகுட்டாகிட்ட மொபைல் கிடையாது. காரணம் பின்னாடி வரும், இப்போதைக்கு வாயைத் திறக்காதீங்க.

அக்காவுக்கு: முயல் டிரஸ் முதல் எபிசோடுலதான் அதிகம், தன்னை யாராவது பார்க்கிறாங்களான்னு சோதிக்கத்தான் மை அதைப் போடறாங்க. அப்புறம் அபூர்வம். சகுட்டாவோட குறும்புப் பேச்சு தொடர் முழுக்க இருக்கும். உண்மையில யோசிக்க வேண்டியது வேற. 7–8ல ஒரு பொண்ணு தன்னோட போட்டோவை நெட்ல போடற விஷயம் வருது, 11–13ல ஸ்கூல்ல ஒதுக்கி வைக்கிற கொடுமையும் உடம்புல தானா வர்ற காயங்களும் வருது. பத்தாவது படிக்கிற பொண்ணு பார்க்கலாம், பக்கத்துல பெரியவங்க இருந்தா பேசிக்க வசதி.

அல்சூர் மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். 4–6ஐத் தாண்டிப் போனா ஒரு மணி நேரம் மிச்சமாகுமே? ஒரே நாள் திரும்பத் திரும்ப வருதுன்னா சலிக்கும்னு ஒருத்தர் சொல்றார்.

ஃபுஜிசாவா பாசஞ்சர்:
வேணாம். சகுட்டா கேட்டதுக்கு மை பதில் சொல்றது அந்த ஜூன் 27லதான். நாள் மறுபடி ஆரம்பிச்சா அந்தப் பதிலும் அழிஞ்சிடும், கோகா பகுதியோட பதற்றமே அதுதான். அதைத் தாண்டிட்டு 7க்குப் போனா இவங்க எப்ப ஜோடியானாங்கன்னே தெரியாது. ஷோகோ முதல்ல பூனையோட தலைகாட்டுறதும் அந்தப் பகுதியிலதான். அது இல்லாம 2019 படத்துக்கு வராதீங்க. சலிப்பும் வராது, திரும்ப வர்ற நாளை முழுசாக் காட்டாம வெட்டி வெட்டித்தான் காட்டுவாங்க.

நேரம் மிச்சம் பண்ணணும்னா தொடக்கப் பாட்டைத் தள்ளுங்க, எபிசோடுக்கு ஒன்றரை நிமிஷம். முடிவுப் பாட்டைத் தள்ளாதீங்க. பாட்டு ஒண்ணுதான், ஆனா அந்தந்தப் பகுதியோட நாயகி குரல்லயே பாடியிருப்பாங்க. குரல் மாறினா கதை கைமாறிடுச்சுன்னு அர்த்தம்.

எச்டிஎம்ஐ ஏகாம்பரம்:
கதையை அவங்க பார்த்துக்கிட்டாங்க, நான் வயரைப் பார்க்கிறேன். லேப்டாப்லேர்ந்து புரொஜெக்டருக்கு மலிவான அடாப்டர் போட்டா, சத்தம் வரும், படம் கருப்பா இருக்கும். படத்தைக் காப்பி எடுக்க விடாத தடுப்பை அடாப்டரோ பழைய புரொஜெக்டரோ ஏத்துக்காததுதான் காரணம், நெட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. டிவியிலயே ஆப் இருந்தா அதுதான் நிம்மதி. சனிக்கிழமை ராத்திரியே ஒரு எபிசோடு ஓட்டிப் பாருங்க. கரண்ட் போற ஏரியான்னா ரவுட்டரையும் யூபிஎஸ்ல போடுங்க, டிவி மட்டும் ஓடி என்ன செய்ய?

ஜப்பானிய ஆடியோ, முழு ஆங்கில சப்டைட்டில் வைங்க. டப்பிங் வச்சு சப்டைட்டிலை அணைச்சா கயேடேவோட நோட்டுல எழுதியிருக்கிறது யாருக்கும் புரியாது. 11–13ல அந்த நோட்டுதான் கதையே. டிவி ரெண்டு ஆள் தூரம் தாண்டி இருந்தா சப்டைட்டில் அளவை ஒரு படி கூட்டுங்க.

2019 படம் உங்க ஆப்ல இருக்கான்னும் சனிக்கிழமையே தேடிடுங்க. 13 முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது தேட ஆரம்பிச்சா சரிப்படாது. வீட்டு ஹால்ல தெரிஞ்சவங்களோட பார்க்கிறது சரி. கூட்டம் சேருதுன்னு சங்கம், அபார்ட்மெண்ட் ஹால்னு எடுத்து நோட்டீஸ் ஒட்டினா அது பொதுத் திரையிடல், உரிமை உள்ளவங்ககிட்ட அனுமதி வாங்கணும். சந்தா கட்டின கணக்கு அதுக்குச் செல்லாது.

கோரமங்களா கோட்டான்:
மூணாவது ஞாயிறுக்கும் ஆள் நின்னா 2023 படம் ரெண்டையும் சேர்த்துப் போடுங்க, 2 மணி 28 நிமிஷம். முதல் படத்துல கயேடே எந்த ஹைஸ்கூல்ல சேர்றதுங்கிற பேச்சுல உசுகின்னு ஒரு பாட்டுக் குழுப் பொண்ணு வருவா. 2025 தொடர் அவகிட்டதான் ஆரம்பிக்குது. ரெண்டாவது படத்துல வர்ற ‘இன்னொரு உலகம்’ தெரியாம 2025 தொடர்ல இகுமிங்கிற பொண்ணோட பகுதிக்கு வந்தா தலையும் புரியாது, வாலும் புரியாது. சான்டா கிளாஸ் தொடரை அதுக்கப்புறம் அவங்கவங்க வீட்டுல பார்த்துக்கலாம், அதுல சகுட்டாவும் மையும் காலேஜுக்குப் போயிடறாங்க.