அர்ஜென்டினாக்காரரிடம் 'தூ' சொல்வதா, 'வோஸ்' சொல்வதா?

ஏற்காடு ஏரிச்சாலை கேட்கிறார்:
தங்கும் விடுதி வரவேற்பில் பேசுவதற்காக நாங்க நாலு பேர் ஸ்பானிஷ் படிக்கிறோம். பாடநூல் ஸ்பெயினுடையது. 'நீ'க்கு 'தூ', நெருக்கமான பலருக்கு 'வொசோத்ரோஸ்', மரியாதைக்கு 'உஸ்தெத்' என்று போட்டிருக்கு. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ்காரங்க 'தூ தியேனெஸ்' (உன்கிட்ட இருக்கு) என்று சொல்லாமல் 'வோஸ் தெனேஸ்' என்கிறாங்க. இது கொச்சையா? நாங்க எதைப் பழகணும்?

அஸ்தம்பட்டி:
கொச்சை இல்லீங்க. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவேயில் அதுதான் அன்றாடப் பேச்சு. அர்ஜென்டினாவின் மொழி அகாதமியே 1982இல் அதை முறையான வழக்காக ஏற்றுக்கொண்டது.

'வோஸ்' முதலில் பன்மை. பிறகு தனி ஒருவரை உயர்த்திச் சொல்லவும் வந்தது. நம்ம 'நீர்' போனதும் இதே வழிதான். அப்புறம் 'வுவெஸ்த்ரா மெர்செத்' (தங்கள் தயவு என்பது போல) என்ற புது மரியாதைச் சொல் வந்து, தேய்ந்து 'உஸ்தெத்' ஆனது. 'வோஸ்' மதிப்பிறங்கியதும் ஸ்பெயின் அதைக் கைவிட்டு 'தூ'வுக்குப் போயிடுச்சு. அரசப் பிரதிநிதிகள் இருந்த மெக்ஸிகோவும் லிமாவும் அதைப் பின்பற்றின. தலைநகரங்களுக்குத் தொலைவில் இருந்த புவெனஸ் ஐரிஸ் பக்கம் பழசு தங்கிவிட்டது.

வினை போடுவது 'தூ'வை விட லேசு. மூலவினையின் கடைசி 'ர்'ஐ எடுத்து 'ஸ்' வையுங்க, அழுத்தம் கடைசி அசையிலேயே இருக்கட்டும். தெனேர் – தெனேஸ், பொதேர் – பொதேஸ், விவீர் – விவீஸ். 'தூ'வில் பொதேர் 'புவேதெஸ்' ஆகிற மாதிரி நடுவில் உயிர் உடையாது. மாறி வருவது ரெண்டுதான் முக்கியம்: 'இரு'வுக்கு 'சோஸ்', 'போ'வுக்கு 'வாஸ்'. ஏவலுக்கு அந்த 'ர்' போனால் போதும்: வெனீர் – வெனீ (வா). 'போ' மட்டும் 'அந்தா'.

எல்லாரும் தவறுவது ஒட்டுச்சொற்களில். 'வோஸ்' பழைய பன்மையாச்சே என்று 'வுவெஸ்த்ரோ'வை (பலருக்கான 'உங்க') சேர்க்கக் கூடாது. 'உன்', 'உன்னை' எல்லாம் 'தூ'வின் வடிவமே. ஆனால் 'உன்னோடு' என்றால் 'கொந்தீகோ' இல்லை, 'கொன் வோஸ்'.

சூரமங்கலம்:
சரிதான், ஆனா 'தூ' = நீ, 'உஸ்தெத்' = நீங்க என்று எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீங்க. கொலம்பியாவின் போகோட்டாவிலும் கோஸ்டாரிகாவிலும் நெருங்கிய நண்பரையும் பெத்த பிள்ளையையும்கூட 'உஸ்தெத்' என்பாங்க. அங்கே அது விலக்கி வைக்கிறது இல்லை. நம்ம பக்கம் சின்னக் குழந்தையை 'வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு' என்று கொஞ்சுறோமே, அந்த 'ங்க' எப்படியோ அப்படி.

கொலம்பியாவுக்குள்ளேயே மெடயீன், காலி என்றால் 'வோஸ்', கார்த்தஹேனா கடற்கரை என்றால் 'தூ'. மெக்ஸிகோவில் 'தூ' என்றாலும் தெற்கே சியாபாஸில் 'வோஸ்' உண்டு. வெனிசுவேலாவின் மராகைபோவில் 'வோஸ் தெனேய்ஸ்'. இந்த வினை உங்க பாடநூலில் 'வொசோத்ரோஸ்' கட்டத்தில் இருக்கும், அங்கே பேசுவதோ ஒருத்தரிடம். உருகுவேயின் மோன்டெவிடியோவில் பலர் 'தூ'வையே வைத்துக்கொண்டு வினையை மட்டும் மாற்றி 'தூ தெனேஸ்' என்பாங்க. அதைப் பிழை என்று திருத்திடாதீங்க.

சிலியில் ரொம்பக் கவனம். இளையவங்க தங்களுக்குள் 'கோமோ எஸ்தாய்' (எப்படி இருக்கே) என்பாங்க. வினையில் 'வோஸ்' சாயல் இருக்கு. ஆனா 'வோஸ்' என்ற சொல்லையே வாய்விட்டுச் சொன்னால் அங்கே பலருக்கு 'டேய்' போடுற மாதிரி உறைக்கும்.

ஏற்காடு ஏரிச்சாலை:
அப்போ வாசலில் வந்து நிற்கிற குடும்பத்தைப் பார்த்து 'உட்காருங்க' என்று எப்படிச் சொல்றது?

செவ்வாய்ப்பேட்டை:
'சியென்தென்சே'. பலர் என்றால் 'உஸ்தெதெஸ்' வடிவம்தான். லத்தீன் அமெரிக்கா முழுக்க நண்பர்களுக்கும் அதே ஒன்றுதான். கானரித் தீவுகளிலும் பெரும்பாலும் அப்படியே. ஸ்பெயினின் மற்ற பகுதிகளில் நெருக்கமானவங்களுக்கு 'வொசோத்ரோஸ்' இருந்தாலும், விடுதியில் 'உஸ்தெதெஸ்' யாரையும் புண்படுத்தாது. மேற்கு அந்தலூசியாவில் 'உஸ்தெதெஸ்' போட்டு 'வொசோத்ரோஸ்' வினையைச் சேர்ப்பதும் காதில் விழும்.

தனியாக வந்தவரிடம் 'சியென்தேசே' என்று 'உஸ்தெத்'தில் தொடங்குங்க. அர்ஜென்டினாக்காரரோ ஸ்பெயின்காரரோ சீக்கிரமே உங்களை 'நீ' வடிவில் பேசுவாங்க. உங்க வயசுக்காரர் என்றால் அப்போ நீங்களும் இறங்கலாம். பெரியவர் என்றால் அவரே சொல்லும்வரை 'உஸ்தெத்'திலேயே நில்லுங்க. இறங்கின பிறகு புவெனஸ் ஐரிஸ்காரரிடம் 'சென்தாதே', மெக்ஸிகோக்காரரிடம் 'சியென்தாதே'. எழுத்தில் ஒரு 'ய'கரம்தான் வித்தியாசம், வாயில் அழுத்தமே இடம் மாறுது: முன்னதில் நடு அசை, பின்னதில் முதல் அசை. எதிர்மறை ஏவலில் அந்தக் கவலையும் இல்லை. 'நோ தே ப்ரெஒகூபெஸ்' (கவலைப்படாதே) ரெண்டு பக்கமும் செல்லும்.

இப்போதைக்கு வாயில் 'தூ'வைப் பழகுங்க, காதில் 'வோஸ்' வினையைப் பழகுங்க. 'தூ' சொன்னால் அர்ஜென்டினாவில் வெளியூர்ப் பேச்சாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் புரியாமல் போகாது.