நோட்டுப் புத்தகத்தில் கிருமியாம்!

செல்வி சித்தி: (பலமுறை அனுப்பப்பட்டது) காகித ஆலைகளில் கிருமியிலிருந்து எடுத்த திரவத்தைக் கூழில் ஊற்றுகிறார்கள்!! நோட்டைத் தொட்டால் குழந்தைகளைக் கை கழுவச் சொல்லவும். அனைவருக்கும் பகிரவும்.

ரேவதி: ஐயோ, வர்ஷினி பேப்பரைக் கடிப்பாளே

முரளி மாமா: அம்மாவைப் போலவே

பெரியப்பா: பிரபு கூழ்ப் பிரிவில்தானே இருக்கிறான், அவனைக் கேளுங்கள்.

பிரபு: கிருமி இல்லை சித்தி, என்சைம். பூஞ்சை, பாக்டீரியாவை வளர்த்து அது சுரக்கிற புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள், உயிரெல்லாம் கிடையாது, துணி துவைக்கிற பவுடரில்கூட இருக்கிறது. மரத்தை வேகவைத்தால் கூழ் பழுப்பாக வரும், அந்தப் பழுப்புக்குக் காரணம் லிக்னின், மர நார்களை ஒட்டி வைக்கிற பொருள். வேகும்போது கரைந்த சைலான், அதாவது மரத்திலுள்ள ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி, திரும்ப நார்மேல் படிந்து லிக்னினை உள்ளே பூட்டிவிடும். சைலனேஸ் என்சைம் அந்தப் படிவை அறுத்துவிடுவதால் வெளுக்கக் குளோரின் டை ஆக்ஸைடு குறைவாகப் போதும், கழிவுநீரில் குளோரின் சேர்ந்த நச்சும் குறையும். 1986லேயே ஃபின்லாந்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

முரளி மாமா: சரி

ரேவதி: கடிக்கலாமா கூடாதா?

பிரபு: கடிக்கக் கூடாது, ஆனால் அது என்சைமுக்காக இல்லை. வெளுப்பு மருந்திலும் உலர்த்துகிற உருளைச் சூட்டிலும் அது செத்துவிடும்.

செல்வி சித்தி: உயிரே கிடையாது என்றாய், இப்போது செத்துவிடும் என்கிறாய்

பிரபு: செயலிழந்துவிடும் சித்தி!! ரொம்ப நாசூக்கானது அது. கூழ் சூடாக, காரத்தன்மையோடு வரும். அமிலம் விட்டு, சூட்டை 50, 60 டிகிரிக்கு இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால்தான் வேலை செய்யும். அதில் செல்லுலேஸ் என்கிற இன்னொரு என்சைம் கலந்திருந்தால் நாரையே அறுத்துவிடும், காகிதத்துக்கு வலுவே இருக்காது.

பெரியப்பா: பழைய பேப்பருக்கும் போடுவார்களாமே? அப்பாவின் கணக்கு நோட்டெல்லாம் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது.

பிரபு: ஆமாம் பெரியப்பா, அங்கே அதே செல்லுலேஸை அளவாகப் போடுவார்கள். நார்மேல் இருக்கிற மெல்லிய இழை அறுபட்டால் மை கழன்று நுரையோடு மேலே வந்துவிடும், காஸ்டிக் சோடாவும் மிச்சம்.

அத்தை: அந்த நோட்டை யாரும் எடைக்குப் போடக் கூடாது. அப்பா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அதில்தான் இருக்கிறது.

முரளி மாமா: மையை எடுக்கத்தான் அவசரமோ

பெரியப்பா: முரளி, நிலத்துப் பேச்சு இங்கே வேண்டாம்.

அத்தை: நிலம் என்று யார் சொன்னது?

ரேவதி: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாமா

பிரபு: எனக்கு ஷிப்ட்

செல்வி சித்தி: எனக்கும் முடியாது

பெரியப்பா: அப்புறம் பார்ப்போம்.

அத்தை: பாருங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது.