புதுப்பிப்பு: விருட்சாசனமும் என்னை நானே திட்டிக்கொள்வதும்

விருட்சாசனத்தில் (ஒற்றைக் காலில் மரம்போல் நிற்கும் ஆசனம்) தடுமாறும்போதெல்லாம் "உன்னால் ஒன்றும் ஆகாது" என்று என்னையே திட்டிக்கொள்கிறேன் என 3 வாரத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். பாதத்தைத் தொடைக்குப் பதில் கெண்டைக்காலில் வைக்கச் சொன்னீர்கள். முழங்காலில் மட்டும் வேண்டாம் என்றீர்கள். சுவரில் இருக்கும் ஆணியைப் பார்த்தபடி இப்போது இடது காலில் 10 மூச்சு நிற்கிறேன். வலது கால் இன்னும் ஆடுகிறது. சரி, ஆடட்டும்.

பெரிய மாற்றம் யோக நித்திரையில்தான் (படுத்தபடி, தூங்காமல் உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி). தொடக்கத்திலும் முடிவிலும் மும்மூன்று முறை மனதுக்குள் சங்கற்பம் (ஒரு சின்ன உறுதிமொழி) சொல்கிறேன். முதலில் "திட்ட மாட்டேன்" என்று வைத்திருந்தேன். அதில் திட்டுதான் காதில் விழுந்தது. "நான் என்னிடம் அன்பாக இருக்கிறேன்" என்று மாற்றினேன். அப்புறம், நேற்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "பரவாயில்லம்மா, துடைச்சுக்கலாம்" என்று வாய் தானாகச் சொன்னது. சின்ன வயதில் அம்மா சொல்வாளே, அதே குரல். கையில் துணியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.